வள்ளத்தில் பிள்ளைக்கு எந்த இடம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் தீவுகளாக நின்றபோது, கடற்கரை ஊர்களிலிருந்து நாட்டுப்படகுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். படகோடு அதை ஓட்டத் தெரிந்தவர்களும் வந்தார்கள். வயலும் ரோடும் அடையாளம் தெரியாத வெள்ளத்தில், மதில்சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஒரு பைபர் படகை முட்டாமல் மோதாமல் கொண்டுபோவது பத்து நாள் பயிற்சியில் வந்துவிடுகிற கைவேலை அல்ல. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே நல்ல பட்டம் கிடைக்கும். தண்ணீரின் இழுப்பைக் காலடியில் உணர்ந்து கை தானாகச் சுக்கானைத் திருப்பும் அந்தப் பழக்கம் மட்டும் அப்பனின் வள்ளத்தில், சின்ன வயதில்தான் படிகிறது. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அந்த வாரம் நம்பிப் படகேறியது இப்படி வளர்ந்த கைகளைத்தான்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிறது. 1986ல் மாவட்டம் பிரிந்தபோது முகத்துவாரம் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற ஊர்கள் நெல்லையில் நின்றன. பிரிவினை காகிதத்தில்தான். இந்தக் கரை முழுக்கக் கணிசமான வீடுகளில் சொந்தமாகவோ கூட்டாகவோ ஒரு வள்ளம் இருக்கிறது. வள்ளம் இருக்கும் வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வள்ளத்தில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. வழக்கத்தில் இரண்டு இடங்களைத்தான் கொடுத்து வந்திருக்கிறோம். ஒன்று, ஆள் குறைந்த நாளில் கூடமாட நிற்கும் ஒரு கை. மற்றது, திருவிழா நாளில் ஏற்றி உட்காரவைத்துச் சுற்றிக்காட்டும் ஒரு சுமை. இரண்டுமே ஆபத்தான இடங்கள். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு: வேலை கற்கிற ஆள் என்று எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டு, வேலை செய்கிற ஆள் என்று நம்பப்படாத இடம். பிள்ளையைப் படகிலிருந்து விலக்கி வைப்பதைவிட அந்த இடத்தில் வைப்பதே அவனுக்குப் பாதுகாப்பு என்பது என் வாதம்.

முதலில் சுமையாக ஏறுவதைப் பார்ப்போம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 23 அன்று மணப்பாடு கடலில் உலாப் போன படகு கவிழ்ந்து பத்துப் பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர் மூழ்கினார்கள்; அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். நாட்காட்டியைப் புரட்டினால் மூன்று நாளுமே ஞாயிற்றுக்கிழமை. இது தற்செயல் அல்ல. வேலை நாளில் வள்ளத்தில் ஏறுகிறவர்களுக்கு எங்கே உட்கார வேண்டும், எப்போது எழக்கூடாது, எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது உடம்பிலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் ஏறுகிறவர்களுக்கு அது இல்லை. எண்ணிக்கையும் கணக்கில் இருப்பதில்லை. ஓர் அலை தெறித்ததும், அல்லது யாரோ எதையோ காட்டியதும், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்துவிடுகிறார்கள். கனம் மேலே ஏறி ஒரு பக்கம் சரிந்த படகை எந்த ஓட்டியாலும் நிமிர்த்த முடியாது. கடற்கரை வீட்டுப் பிள்ளைக்கு வள்ளத்தில் உட்காரக்கூடச் சொல்லித்தரவில்லை என்றால், வேலை நாளில் விலக்கி வைத்துக் காப்பாற்றியதாக நினைத்தவனை ஞாயிற்றுக்கிழமை பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

உடனே வரும் பதில் நமக்குத் தெரிந்ததுதான். “நாங்க எல்லாம் யாருகிட்ட படிச்சோம்? எங்க அப்பா மரத்துல தூக்கிப் போட்டாரு, வந்துட்டோம்.” வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம் இது என்பதை விட்டுவிடுவோம். இதற்குள் இருக்கும் பெரிய பிழை வேறு. அந்தத் தலைமுறை கற்றது கட்டுமரத்தில். கட்டுமரம் மூழ்காது. தண்ணீர் ஏறினால் மரங்களுக்கு இடையே வழிந்து போகும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். பாயிலும் துடுப்பிலும் போகும் அதன் வேகத்துக்கு, தவறி விழுந்த பையன் நாலு கை நீந்தினால் பிடித்துக்கொள்வான். அந்தக் காலத்துப் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் தேவைப்படாததற்குக் காரணம் வீரம் அல்ல, மரமே அவனுக்கு ஜாக்கெட்டாக இருந்தது. இன்றைய பைபர் படகில் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது. விழுந்தவனை விட்டுப் படகு போய்க்கொண்டே இருக்கும். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் சுற்றுகிற விசிறியும் இருக்கும். எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்ட குரல் கேட்காது. கருவி மாறிவிட்டது, கற்றுத்தரும் முறை மட்டும் மாறவில்லை. பழைய முறையே போதும் என்கிறவர்கள் பழைய மரத்தையும் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது சட்டம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தது. 2016ல் திருத்தியபோது பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்றார்கள். கூடவே ஒரு விலக்கும் கொடுத்தார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், படிப்பு கெடாமல், தன் குடும்பத்துக்கு ஒரு பிள்ளை உதவலாம்; அபாயத் தொழில்களில் மட்டும் கூடாது. அந்த அபாய வரிசையில் இயந்திர மீன்பிடியும் முக்குளிப்பும் இடம்பெற்றிருக்கின்றன. அடுத்த ஆண்டு வந்த விதிகள் இன்னும் இறுக்கின: இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியும் ஆகாது, நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கரை வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த மணிக்கணக்கின் பொருள் உடனே விளங்கும். நாட்டுப்படகுகள் தொழிலுக்கு இறங்குவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னால். அல்லது சாயங்காலம் போய் வலை விட்டு விடியற்காலம் திரும்புவார்கள். எட்டு மணிக்கு மேல் புறப்பட்டு மூன்று மணி நேரத்தில் திரும்புவது தொழில் அல்ல, பழகல். சட்டம் எழுதியவர்கள் கடலை மனதில் வைத்து எழுதவில்லைதான். ஆனாலும் அவர்கள் போட்ட கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. தொழிலுக்குப் போகும் படகில் பிள்ளைக்கு வேலை இல்லை. பகல் வெளிச்சத்தில், வலை ஏற்றாத வள்ளத்தில் படகோட்டக் கற்பதை யாரும் கூலிவேலை என்று சொல்ல முடியாது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2007ல் மீன்பிடி வேலைக்கென்றே கொண்டுவந்த உடன்படிக்கையும் படகில் வேலை செய்யக் குறைந்த வயது 16 என்று வைத்து, பள்ளி விடுமுறையில் இலேசான வேலைக்கு 15 வயதை அனுமதித்து, 18 வரை இரவு வேலை கூடாது என்கிறது.

கோடு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. அவன் வராவிட்டாலும் வள்ளம் போகுமா? போகும் என்றால் அவன் கற்றுக்கொள்கிறவன். போகாது என்றால் அவன் தொழிலாளி, வயது எதுவாக இருந்தாலும். இந்தக் கரையில் வருமானம் பங்காகத்தான் பிரிகிறது: வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆட்களுக்கு. பையனுக்குக் கால் பங்கோ அரைப் பங்கோ வைக்க ஆரம்பித்த அன்று பள்ளிக்கூடத்தின் கதவு பாதி சாத்தப்பட்டுவிடுகிறது. கையில் காசு பார்த்த பதிமூன்று வயதுப் பையனை எட்டாம் வகுப்பில் உட்காரவைப்பது எளிதல்ல. அவன் கொண்டுவரும் காசுக்குப் பழகிவிட்ட வீட்டுக்கும் அவனை விட மனம் வராது. எனவே பிள்ளைக்குப் பங்கு வைக்கக்கூடாது என்று சொல்வேன். உழைப்பைச் சுரண்டி, காசும் கொடுக்காதே என்கிறாயா என்று கேட்கலாம். பங்கு கொடுக்கும் அளவுக்கு அவனிடம் உழைப்பு வாங்காதே என்பதுதான் இதன் பொருள்.

இதே கடலில் இன்னொரு வகைப் பிள்ளைகளும் படகோட்டுகிறார்கள். ஆப்டிமிஸ்ட் என்று ஒரு சின்னப் பாய்மரப் படகு. 1947ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது. பதினைந்து வயது வரையுள்ளவர்கள் அதில் போட்டியிடுகிறார்கள், அதுவும் ஒற்றை ஆளாக. சுக்கானும் பாய்க்கயிறும் அந்தப் பிள்ளையின் கையில்தான். பக்கத்தில் பெரியவர் இல்லை. சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடை முகாமில் 2009ல் இப்படிப் பழக ஆரம்பித்தவர்தான் நேத்ரா குமணன். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். அந்த முகாமில் சேரும் பிள்ளையைப் பார்த்து ஊர் கைதட்டுகிறது. கூடுதாழையில் அதே வயதுப் பையன் அப்பாவின் வள்ளத்தில் சுக்கான் பிடித்தால் ஐயோ பாவம் என்கிறது, அல்லது புகார் எழுதிப் போடுகிறது. கடல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் சுற்றி நிற்பவற்றில் இருக்கிறது. முகாமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான ஜாக்கெட் உண்டு. காப்பாற்ற இன்னொரு படகு பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் அன்று பயிற்சி கிடையாது. கவிழ்ந்தால் எப்படி நிமிர்த்துவது என்று ஆரம்பத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்துச் சொல்லித்தருகிறார்கள். இந்த நான்கில் உவரியிலோ புன்னைக்காயலிலோ செய்ய முடியாதது எதுவும் இல்லை. உண்மையில் சென்னைப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது: கடலை நாற்பது வருடம் படித்த தாத்தா கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கே கற்றுத்தருவது என்பதற்கு இந்த நிலப்பரப்பே பதில் வைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிள்ளைகள் நீச்சல் பழகியது சுரைக்குடுக்கையையும் வாழைத்தண்டையும் கட்டிக்கொண்டு, ஆற்றிலும் குளத்திலும். அங்கேதான் தொடங்க வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு வள்ளத்தில் முதல் பாடமே கிடையாது. வங்கதேசத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு முறையாக நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012ல் வெளிவந்தது: கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. தடுப்பூசிக்குக்கூட இப்படிப்பட்ட பலன் எப்போதும் கிடைப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: மணல் அள்ளிய ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும் பள்ளமாகலாம், பெரியவர்கள் இறங்கித் தரை பார்க்காத இடத்தில் பிள்ளையை இறக்கக்கூடாது. நீச்சலுக்கு அடுத்த படி புன்னைக்காயல், பழையகாயல் பக்கத்துக் கழிமுகம். மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு; மணல்திட்டுக்கு உள்ளே தண்ணீர் சாதாரண நாட்களில் அடக்கமாக இருக்கும். துடுப்பு போட, நங்கூரம் விட, திருப்ப, கரையணைக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முகத்துவாரம் தாண்டுவது வேறு கதை. ஆற்றுத்தண்ணீர் வெளியே ஓட, எதிரே கடல் அலை உள்ளே தள்ள, திட்டின் மேல் அலை செங்குத்தாக எழும். அதில் பிள்ளையின் கையில் சுக்கானைக் கொடுப்பது கற்பித்தல் அல்ல. உவரி போன்ற திறந்த கரைகளில் அலைவாய் தாண்டும்போதும் அப்படித்தான். கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பான தூண்டில் வளைவின் மறைவு இருந்தால் கொஞ்சம் நிம்மதி. இல்லாத ஊரில் பிள்ளை கரையிலேயே நிற்கட்டும்.

எப்போது என்பது இன்னும் நுட்பமான விஷயம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. பள்ளி விடுமுறையும் இதற்குள்தான் வருகிறது. பெரிய படகுகளின் நெருக்கடி இல்லாத கடலும் ஓய்வான பிள்ளையும் ஒரே நேரத்தில் கிடைக்கும் காலம் இது. ஆனால் இதே ஏப்ரல், மே மாதங்களில்தான் கள்ளக்கடலும் வரும். எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் புயல் கிளப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் கரையேறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்த நாள் அது. ஜூனில் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது எப்படி வரும் என்பதற்கு முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. காற்றாலைக்காரர்கள் கொண்டாடும் மாதங்கள் பிள்ளைக்குப் படகு பழக்கும் மாதங்கள் அல்ல. வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அதைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு வள்ளத்தைத் தள்ளுவது நல்ல பழக்கம். அறிவிப்பு பொய்த்துப்போன நாளும் பாடம்தான். இறங்காமல் இருந்ததால் யாரும் செத்ததில்லை. வாரத்தில் ஒரு நாளும் தயாராக இருக்கிறது. இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த பிறகு அப்பா வீட்டில், வள்ளம் கரையில், பிள்ளைக்கும் பள்ளி இல்லை. உலாப் போய் உயிர் போகும் நாளாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் கற்கும் நாளாக மாற்றிக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பேச வேண்டும், ஏனென்றால் பொய்யான நிம்மதி அதிகம் கிடைப்பது அதில்தான். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் துண்டில் எத்தனை கிலோ எடைக்கு என்று பார்க்க வேண்டும். மாட்டி, எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்துப் பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி முகத்தை மறைத்தால் அது அவனுடையது அல்ல. சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கு இடையே வந்து மாட்டும் பட்டை கட்டாயம். பிறகு முழங்கால் தண்ணீரில் இறக்கி, பின்னால் சாய்ந்து மிதக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூக்கும் வாயும் தானாக மேலே நிற்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு இதெல்லாம் என்பது அடுத்த கேள்வி. விழும்போது விளிம்பில் தலை அடிபட்டவனுக்கு நீச்சல் நினைவிருக்காது. எஞ்சின் படகு திரும்பி வரும்வரை ஆளை மிதக்கவைக்க வேண்டியது ஜாக்கெட்தான், கை கால் அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் தரும் கணக்கில், உல்லாசப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். இவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள். நம் மீனவர்கள் அதைப் போடாததற்குச் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது: வெயிலில் புழுங்குகிறது, வலை வளைக்கும்போது மாட்டுகிறது. பிள்ளை வலை வளைக்கப் போவதில்லை; அவனுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அப்பா போட்டால்தான் பிள்ளை போடுவான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வண்டியில் மகனுக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டும் வீட்டில் என்ன நடக்கிறதோ அதேதான் வள்ளத்திலும் நடக்கும்.

சரி, வள்ளத்தில் ஏறிய பிள்ளை என்ன செய்வான்? எட்வின் ஹட்சின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடற்படைக் கப்பலில் வழி கணிக்கும் குழுவைப் பல காலம் கவனித்து 1995ல் ஒரு புத்தகம் எழுதினார். புதியவனுக்கு முதலில் தரும் வேலை, அவன் செய்யும் தவறு அடுத்த ஆளின் கண்ணில் உடனே படும்படியான வேலையாக இருக்கிறது என்பது அவர் கண்ட விஷயங்களில் ஒன்று. அணியத்தில் உட்கார்ந்து எதிரே மிதக்கும் வலை, கட்டை, மற்றப் படகு எல்லாவற்றையும் கூவிச் சொல்வது அப்படிப்பட்ட வேலை. அவன் தவறவிட்டாலும் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். உள்ளே சேரும் தண்ணீரை இறைப்பது, கயிற்றைச் சிக்கில்லாமல் சுருட்டி வைப்பது, நங்கூரக் கயிற்றின் நுனி கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, கரையில் கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒன்றுக்கு ஒன்று நேர்வைத்துக் கணியம் பார்க்கப் பழகுவது எல்லாம் இதே ரகம். ஓடுகிற கயிற்றின் சுருளுக்குள் கால் வைக்கக்கூடாது, எஞ்சினுக்குப் பின்னால் போகக்கூடாது, லுங்கியோ தொங்கும் துணியோ கூடாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அது முதல் நாளே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. சுக்கான் கடைசியாக வரட்டும்.

விதிவிலக்காக ஒன்றை மட்டும் முன்னதாகவே கற்றுத்தர வேண்டும்: எஞ்சினை நிறுத்துவது. அப்பாவும் மகனும் மட்டுமே இருக்கும் வள்ளத்தில் அப்பா தவறி விழுந்தால் மிச்சம் இருப்பது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எத்தனையோ வீட்டில் மகனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறார்கள். அவுட்போர்டு எஞ்சினில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வதற்காக. அவர் விழுந்தால் கயிறு உருவிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். பல படகுகளில் அது எஞ்சினிலேயே சுற்றிக் கிடக்கிறது, அல்லது அறுந்த பிறகு வேறு கயிறு கட்டி ஓட்டுகிறார்கள். அதை இடுப்பில் மாட்டுவது காசில்லாத காப்பு. அதற்குமேல் பிள்ளைக்குப் பழக்க வேண்டியவை கொஞ்சம்தான். எஞ்சினை நிறுத்து, மிதப்பதை எறி, விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டே இரு. அலைக்கு நடுவே ஒரு தலையைத் தொலைத்துவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று கடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கழிமுகத்தில் ஒரு காலி கேனை எறிந்துவிட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அதனாலேயே மறக்காது.

பிள்ளை என்று எழுதும்போதெல்லாம் பையன் என்றே படிக்கப் பழகியிருக்கிறோம். இந்தக் கரையில் பெண்கள் தொழிலுக்கு வள்ளத்தில் ஏறும் வழக்கம் இல்லை; மகளுக்கு எதற்கு இது என்று கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் 2005ல் எடுத்த கணக்கில், கடலூரில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நீந்தத் தெரியாததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தண்ணீரோடு வாழும் ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீரைத் தெரியாமல் வளர்ப்பது மரபு என்றால், அந்த மரபுக்கு நான் மரியாதை தர மாட்டேன். மகள் மீன்பிடிக்கப் போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தவும் மிதக்கவும் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. அது கரையிலிருந்தே வருகிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். “நான்தான் உப்புத்தண்ணியில கெடக்கேன், எம்புள்ள படிச்சு மேல போவணும். அவனுக்கு எதுக்கு இந்தக் கடல்?” இந்த ஆசையோடு யாரும் சண்டை போட முடியாது. ஆனால் படகைக் கைக்குப் பழக்குவதும் மீனவனாக்குவதும் ஒன்றல்ல. இந்தக் கரையின் பிள்ளைகள் வணிகக் கப்பலுக்கும் கடற்படைக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே போகிறவனுக்குக் கழிமுகத்தில் கற்றது வீணாகாது. வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கப் போகிறவனும் திருவிழாவுக்கு ஊருக்கு வருவான், தன் பிள்ளைகளோடு வள்ளத்தில் ஏறுவான். அன்று எத்தனை பேர் ஏறலாம், எப்போது இறங்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருவன் படகில் இருப்பான்.

தனித்தனி வீடு இதைச் செய்வது கடினம். பிள்ளை வளர வளர ஜாக்கெட் சின்னதாகிவிடும், ஆண்டுக்கு ஒன்று வாங்க எல்லோருக்கும் முடியாது. ஊர்க் கமிட்டிக்கு முடியும். வரியிலிருந்து மூன்று அளவுகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளை ஜாக்கெட் வாங்கிப் பொது இடத்தில் வைத்து, விடுமுறையில் ஞாயிறு மதியம் இரண்டு வள்ளத்தை இறக்கி, ஒன்று கற்கவும் ஒன்று காவலுக்குமாக நிறுத்தினால் போதும். ஏலக்கூடத்துச் சுவரில் இரண்டு எண்களைப் பிள்ளைகளின் உயரத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. ஏப்ரல் 15க்குள் இதைத் தொடங்கிவிட்டால் இந்த விடுமுறையே முதல் வகுப்பாகிவிடும்.